அம்மாவின் நாற்பது பக்க நோட்டு

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாளும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அவர் போனது விடிகாலை மூன்று மணிக்கு. ஐந்து மணிக்குள் பந்தல்காரர் வந்துவிட்டார், ஐஸ் பெட்டி வந்துவிட்டது, "எரிக்கிறதா புதைக்கிறதா, எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று பெரியப்பா கேட்கிறார். கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸுக்குப் படம் வேண்டும் என்றார்கள். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது ஆதார் கார்டுதான். அந்த மங்கலான முகத்தைப் பெரிதாக்கித் தெருமுனையில் கட்டினார்கள். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிற மனுஷன் அவர்.

மூன்றாம் நாள் பீரோவில் வேட்டிக்கு அடியில் கண்தான அட்டை கிடைத்தது. எப்போதோ எழுதிக் கொடுத்திருக்கிறார், எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்துவிட்டுக் கண் வங்கிக்குப் போன் செய்தால் வீட்டுக்கே வருவார்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும் கொடுக்கலாம். எல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இன்றுவரை மனசு ஆறவில்லை.

பிறகு, அம்மாவை நடுவீட்டில் உட்கார வைத்து வளையலை உடைத்தார்கள். வேண்டாம் என்று கெஞ்சினேன். "ஊர் வழக்கத்தை நீ மாத்துவியா?" என்று என்னை ஒதுக்கிவிட்டார்கள். அப்பா கைப்பட நாலு வரி எழுதி வைத்திருந்தால் அதை நீட்டியிருப்பேன். பெரியப்பாவும் தம்பியின் எழுத்தை மீறியிருக்க மாட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், நமக்கு என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை எழுதி வையுங்கள். எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். அபசகுனம் என்பார்கள். பரவாயில்லை.

வருடத் திதி முடிந்த வாரம் அம்மாவே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து, "நான் சொல்றேன், எழுதிக்கோ" என்றார். முதலில் சொன்னது படம். தங்கை கல்யாணத்தில் எடுத்தது, நீலப் பட்டுப்புடவை. அடுத்து, மைக் செட் வேண்டாம், ஒப்பாரி பாடத் தெரிந்த கிழவிகளைக் கூப்பிட வேண்டும். வருகிறவர்கள் யாரும் வெறும் வயிற்றோடு திரும்பக்கூடாது. "என் வீட்டுல இனி எந்தப் பொம்பளைக்கும் வளையல் உடைக்கக் கூடாது" என்பதைச் சொன்னபோது மட்டும் குரல் கம்மியது. அந்த வரிக்குக் கீழே அவரே கோடு போட்டார்.

கண்ணைக் கொடுத்துவிட்டு உடலை அரசு மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்றார். அங்கே உடற்கூறியல் துறையில் விசாரித்தேன். பதிவு செய்தால் மட்டும் போதாது. இறந்த பிறகு வாரிசுகள் சம்மதித்து ஒப்படைத்தால்தான் நடக்கும். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, அதனால் மாற்று ஏற்பாடாக மின்மயானம் என்றும் நோட்டில் இருக்கிறது. 2010-இல் மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசுவின் உடலும் 2024-இல் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடலும் அப்படித்தான் மருத்துவ மாணவர்களிடம் போனது என்று சொன்னேன். "பெரிய ஆளுங்கதான் கொடுக்கணுமா என்ன?" என்றார் அம்மா.

உயிர் போகும் முன்பு நடப்பதையும் எழுதலாம். திரும்ப வழியில்லாத நிலையில் வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ அத்தாட்சி வாங்கினால் போதும் என்றது. அம்மாவுக்கு அதையும் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானும் தங்கையும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். தம்பி இன்னும் போடவில்லை. "கொள்ளி வைக்காம எப்படிக்கா அனுப்புறது?" என்று கேட்கும்போதே அழுதுவிடுகிறான். பொங்கலுக்கு வருகிறான். அம்மாவே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.