பூஸ்டர் டிவிக்குப் பின்னால் வேண்டாம்

ஆன்டெனாவில் உள்ளூர் சேனல் விட்டுவிட்டு வந்தால் டிவிக்குப் பின்னால் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) மாட்டச் சொல்கிறது ஒரு கட்டுரை. அது வீண் செலவு. ஆர்ஜி-6 என்ற வழக்கமான டிவி கேபிளில் 30 மீட்டர் ஓடி இறங்குவதற்குள் யுஎச்எஃப் (ஆன்டெனா பிடிக்கும் அலைவரிசை) சிக்னலின் வலிமையில் சுமார் 6 டெசிபல் போய்விடும். சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் இருவழி ஸ்பிளிட்டர் இன்னும் 3.5 டெசிபல் தின்னும். தேய்ந்து வந்ததைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். பூஸ்டர் கம்பத்திலேயே, ஆன்டெனாவை ஒட்டி இருக்கணும்.

அதற்கும் முன்னால் கேபிள் நுனியில் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வலைக்கம்பியின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்லாம் போச்சு. உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கேபிளையே மாற்றணும்.

ஆன்டெனாவுக்குப் பதில் டிஷ் போடலாமே என்றால், டிஷ்ஷில் வரும் 12 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கனமழை விழுங்கிவிடும். ஆன்டெனாவுக்கு வரும் 500 மெகாஹெர்ட்ஸ் அலையை மழை சீண்டாது. ஒளிபரப்புக் கோபுரத்தை மலை மறைக்கிறதா? அப்போது டிஷ்தான் கதி.