பூமியின் பாதையில் 1/60 ஒளிந்திருக்கிறதா?

"பூமியின் நீள்வட்டப் பாதையின் மையத்தொலைத்தகவு மிகச் சரியாக 1/60. ஆகவே பிரபஞ்சமே முழு எண்களின் வடிவியலால் ஆனது." இப்படி ஒரு கூற்று பகிரப்படுகிறது. இது தவறு. மையத்தொலைத்தகவு என்பது ஒரு நீள்வட்டம் வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண்; முழு வட்டத்துக்கு அது சுழியம்.

2000-ஆம் ஆண்டில் அந்த மதிப்பு 0.016709. 1/60 என்பது 0.016667. நெருக்கம்தான், ஆனால் சமம் இல்லை. முக்கியமாக, இது நிலையான எண்ணே அல்ல. வியாழன், சனி போன்ற கோள்களின் ஈர்ப்பால் நூற்றாண்டுக்குச் சுமார் 0.00004 குறைந்துகொண்டே வருகிறது. 2100 வாக்கில் 1/60-ஐத் தொடும், நிற்காமல் தாண்டிப் போகும். பல லட்சம் ஆண்டுகளில் ஏறக்குறைய சுழியத்துக்கும் 0.06-க்கும் இடையே ஊசலாடும்.

சரி, நீள்வட்டமும் முழு எண்ணும் இயற்பியலில் சந்தித்ததே இல்லையா? சந்தித்திருக்கின்றன, அதுதான் உண்மையிலேயே அழகான கதை. 1916-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் தன் அணு மாதிரியில் எலக்ட்ரானுக்கு நீள்வட்டப் பாதைகள் தந்தார். அவற்றின் சிற்றச்சும் (குறுகிய விட்டம்) பேரச்சும் (நீண்ட விட்டம்) முழு எண் விகிதத்தில் அமைந்தன. ஹைட்ரஜன் ஒளியின் நிறமாலையில் ஒரே கோடாகத் தெரிபவை நெருக்கமான நுண்கோடுகளாகப் பிரிந்திருப்பது ஏன் என்பதற்கு அது விடையும் தந்தது. ஆனால் 1925-26-இல் வந்த, அணு அளவிலான துகள்களை விளக்கும் குவாண்டம் இயக்கவியலில் முழு எண்கள் தங்கின, அந்த நீள்வட்டப் பாதைகள் போய்விட்டன.