அது பேக்கேஜில் வராதாம்!

"ரிப்ளை போடறது நம்ம பேக்கேஜ்ல வராது மேடம்."

சொல்லிவிட்டு அந்தப் பையன் அமைதியாக இருக்கிறான். நான் 'ஓகே' சொல்வேன் என்று காத்திருக்கிறான்! கடைப் பேரை டிரேட்மார்க் பண்ணித் தருகிறோம் என்று விளம்பரம் போடும் ஏஜென்சிகளிடம் பணம் கட்டிய எல்லோருக்கும் இந்த வரி பழக்கமாகியிருக்கும். ஊர் மாறும், ஏஜென்சி மாறும், இந்த வரி மட்டும் மாறாது.

என் கடைப் பேருக்கான விண்ணப்பத்தில் அரசின் டிரேட்மார்க் பதிவகம் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறது, அதற்குப் போட வேண்டிய ரிப்ளைதான் இது. அந்த ஆட்சேபம் எனக்குத் தெரிய வந்த விதம்தான் பெரிய வயிற்றெரிச்சல். நான் பணம் கொடுத்த ஏஜென்சி சொல்லவில்லை. கேள்வியே படாத வேறொரு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிடுகிறாள். "உங்க மார்க் அப்ஜெக்ட் ஆயிருக்கு மேடம். முப்பது நாளுக்குள்ள பதில் போடணும், இல்லேன்னா நீங்களே கைவிட்டதா எடுத்துக்குவாங்க. நாங்க போட்டுத் தரவா?" விண்ணப்ப எண், என் பேர், கடைப் பேர் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாள். அரசுத் தளத்தில் விண்ணப்பங்களின் நிலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்து ஆள் பிடிக்கவென்றே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. சரி, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் முன்பின் தெரியாதவள் பார்த்துச் சொல்கிற விஷயத்தை, 'எல்லாம் நாங்க பாத்துக்குவோம்' என்று காசு வாங்கியவன் ஏன் பார்க்கவில்லை?

உடனே போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் இந்தியில் ஒருவர். அவர் கை மாற்றிவிட்டு இந்தப் பையன்.

"ஆர்டர் ஐடி சொல்லுங்க மேடம்."

"ஆர்டர் இல்ல தம்பி, டிரேட்மார்க். அப்ளிகேஷன் நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க."

"இல்ல மேடம், ஆர்டர் ஐடி இருந்தாதான் சிஸ்டத்துல ஓப்பன் ஆகும்."

பழைய மெயிலை எல்லாம் தோண்டி அந்த ஐடியை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. திரும்பி வந்தான்.

"உங்க ஃபைலைப் பாத்துக்கிட்டிருந்தவர் ரிலீவ் ஆயிட்டார் மேடம்."

"அவர் போனா போகட்டும். ஆட்சேப ரிப்போர்ட் வந்திருக்கா, இல்லையா?"

"வந்திருக்கு மேடம்."

"எப்ப வந்துச்சு?"

"மெயில்ல இருக்கு மேடம்."

"யார் மெயில்ல?"

"எங்க மெயில்ல மேடம்."

"எனக்கு ஏன் அனுப்பல?"

"அது ஆட்டோமேட்டிக்கா வந்துரும் மேடம்."

"வரலையே!"

"ஸ்பாம்ல பாருங்க மேடம்."

ஸ்பாமில் இல்லை. அவர்கள் அனுப்பியிருந்தால்தானே இருக்கும்! டிஎம்-48 என்ற அதிகாரப் பத்திரத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தில் தொடர்பு மெயிலாக அவர்கள் மெயிலைப் போட்டிருக்கிறார்கள். பதிவகத்திலிருந்து வருகிற எதுவும் நேராக அவர்களிடம்தான் போகும். அவர்கள் திறக்காமல் போட்டு வைத்தாலும் கெடு ஓடுவது எனக்கு. போகப்போவது என் பேர், அவர்கள் பேர் இல்லை.

ஒருவழியாக ரிப்போர்ட்டை அனுப்பினான். படித்தேன். ஆட்சேபம் இரண்டு. ஒன்று டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு: பேரில் ஊர்ப் பெயர் இருக்கிறது, எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது, தனித்தன்மை இல்லை. இன்னொன்று 11ஆம் பிரிவு: ஏற்கெனவே உள்ள மார்க்குகளோடு ஒத்துப்போகிறது. எங்கள் அத்தையின் பேரும் ஊர் பேரும் சேர்ந்ததுதான் எங்கள் கடைப் பேர். (அதை இங்கே எழுதப் போவதில்லை. இருக்கிற நிலைமையில் அதையும் எவனாவது போய்ப் பதிவு பண்ணிவிடுவான்.) அதே மாதிரி பேரில் ஒரு தேயிலைத் தூள், ஒரு பிஸ்கட் என்று பட்டியல். இட்லிப் பொடிக்கும் பிஸ்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பதிவுக்காகப் பொருட்களைப் பிரித்து வைத்திருக்கும் வகுப்புகளில் எல்லாம் 30ஆம் வகுப்பு. காபி, டீ, அரிசி மாவு, மசாலா, தேன், ஐஸ்கிரீம் எல்லாம் அந்த ஒரே வகுப்பில்தான்.

அதிகாரி கேட்டதில் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருக்கிற காகிதத்தை வைத்துக் கேட்கிறார். அந்தக் காகிதத்தை எழுதியது யார்?

நாங்கள் விற்பது பொடி, ஊறுகாய், நல்லெண்ணெய். முதல் நாளே வாட்ஸப்பில் பட்டியல் போட்டேன், நீல டிக் விழுந்தது. ஊறுகாயும் எண்ணெயும் 29ஆம் வகுப்பு. அதை இவர்கள் போடவே இல்லை! "அதுக்குத் தனி அப்ளிகேஷன் மேடம், கவர்ன்மென்ட் ஃபீஸ் 4,500, ப்ளஸ் நம்ம சார்ஜ்." தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 என்பது எனக்கும் தெரியும். எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் ஊறுகாய்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும், நான் சொல்லியிருக்கிறேன்.

இதைக்கூட விட்டுவிடலாம், காசு கட்டினால் சரியாகும். அடுத்து செய்திருப்பதுதான் தாங்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு இடத்தில், இந்தப் பேரை எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். அங்கே 'இனிமேல் பயன்படுத்த உத்தேசம்' என்பதைத் தட்டிவிட்டிருக்கிறார்கள்! எங்கள் அத்தை 1994இல் திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தில் ஒரு பலகையைப் போட்டு நார்த்தங்காய் ஊறுகாய் விற்று ஆரம்பித்த பேர் இது. அந்தக் காலத்து பில் புக் இன்னும் பீரோவில் இருக்கிறது. மஞ்சள் பூத்த தாள், மேலே கருநீல மையில் கடைப் பேர், கீழே ஓரத்தில் அச்சகத்தின் பேர் பொடி எழுத்தில், நடுவில் அத்தையின் சாய்ந்த கையெழுத்தில் 'நார்த்தை அரை கிலோ'. எண்ணெய்க் கறை பட்ட விரல்ரேகைகூட ஒரு தாளில் இருக்கிறது. அதையெல்லாம் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து அனுப்பினேன். அதற்கும் நீல டிக். முப்பது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, நேற்றுதான் குடிவந்தோம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி செய்திருக்கிறார்கள்.

ஏன் அப்படித் தட்டுகிறார்கள் தெரியுமா? தேதி போட்டால் பிரமாணப் பத்திரம் வேண்டும், ஆதாரம் இணைக்க வேண்டும், யாராவது உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். 'உத்தேசம்' என்று தட்டினால் எதுவும் வேண்டாம், வேலை உடனே முடிந்துவிடும். நம் முப்பது வருஷத்தை விட அவர்களுடைய அரை மணி நேரம் பெரிது!

இந்தத் தேதிக்கு என்ன மதிப்பு என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டுக்கடை அல்வா வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தப் பேருக்கு முன்னால் திருநெல்வேலி என்று சேர்த்து எதிர்த்தரப்பும் பதிவு வாங்கி வைத்திருந்தது. 2015இல் நீதிமன்றம் என்ன சொன்னது? பதிவுச் சான்றிதழை விட, முதலில் இருந்து அந்தப் பேரைப் பயன்படுத்தி வருபவரின் உரிமையே மேல் என்றது. 1999ஆம் வருஷ டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவும் முன்பிருந்தே பயன்படுத்துகிறவருக்குத்தான் காப்பு. இப்போது வந்திருக்கிற இரண்டு ஆட்சேபத்துக்கும் மருந்து இந்தத் தேதிதான். ஊர்ப் பேராக இருந்தாலும், இத்தனை வருஷப் பழக்கத்தில் ஜனங்களுக்கு அது எங்களைத்தான் காட்டுகிறது என்று வாதாடலாம். ஒத்துப்போகிற பேர் இருந்தாலும், நேர்மையாகப் பக்கத்தில் பக்கத்தில் பயன்படுத்தி வந்தோம் என்று 12ஆம் பிரிவில் கேட்கலாம். எங்களிடம் பெரிய கம்பெனி மாதிரி பணமோ விளம்பரமோ கிடையாது. அந்தத் தேதி ஒன்றுதான் சொத்து. அதைத்தான் ஒரு பட்டனில் அழித்திருக்கிறார்கள்.

"இதைத் திருத்தணும் தம்பி."

"திருத்தம் கேக்குற டிஎம்-எம் ஃபார்ம் ஃபைல் பண்ணலாம் மேடம். கவர்ன்மென்ட் ஃபீஸ் 900."

"தப்பு யார் மேல?"

"நம்ம சார்ஜ் தனி மேடம்."

இதுதான் பதில்! அப்புறம் லீகல் டீமிலிருந்து ஒருவர் வந்து ரேட்டை வாசித்தார். பதில் போட ஒரு ரேட். ஹியரிங் என்றால் வீடியோவில் ஆஜராக வேறு ரேட். ஏற்றுக்கொண்டு பதிவகத்தின் ஜர்னலில் போட்ட பிறகு நாலு மாதத்தில் யாராவது எதிர்த்தால் அதற்கு இன்னொரு ரேட். பணம் வாங்கும்போது இதில் ஒரு வார்த்தை சொன்னார்களா? விண்ணப்ப எண் வந்த அன்றைக்கு, தங்க பார்டர் போட்ட ஒரு தாளில் அவர்களே ஒரு முத்திரையைக் குத்தி, வாழ்த்துகள் என்று அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதை ஃப்ரேம் போடக் கொடுத்துவிட்டார். பேருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்டு பவுச் அடிக்கலாமா என்று கேட்டதற்குத் தாராளமாக என்றார்கள். பவுச் அடிக்கிற அண்ணாச்சிதான் தடுத்தார். "சான்றிதழ் வந்துச்சாம்மா? நம்பர்தானே வந்திருக்கு. இப்போதைக்கு டிஎம் மட்டும் போடுவோம், பதிவு முடியாம ஆர் போடக் கூடாது." சட்டம் படிக்காத அந்த மனுஷனுக்குத் தெரிந்தது லீகல் டீமுக்குத் தெரியவில்லை.

சிறு தொழில் என்று பதிவு பண்ணித் தருகிற உத்யம் சான்றிதழுக்கென்று தனியாக வேறு பணம் பிடுங்கினார்கள். அது அரசுத் தளத்தில் முழுக்க இலவசம், ஆதார் நம்பரும் பான் நம்பரும் இருந்தால் நாமே உட்கார்ந்து முடித்துவிடலாம். யாரிடமும் இதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 'ஜிஎஸ்டி சான்றிதழில்தான் கடைப் பேர் இருக்கே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்' என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு ஆளும் சொல்கிறார். அது வரி கட்டுகிறவர் இன்னார் என்பதற்கு மட்டும்தான். பக்கத்துத் தெருக்காரர் இதே பேரில் ஜிஎஸ்டி வாங்கினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமமும் அப்படித்தான். பேர் நம்முடையது என்று பதிவு பண்ணிக்கொள்ள டிரேட்மார்க் ஒன்றுதான் வழி. அந்த வழியில்தான் இவர்கள் குறுக்கே உட்கார்ந்து வசூல் பண்ணுகிறார்கள்.

பதிலை எங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் முதல் கேள்வியே "எந்த வருஷத்துல ஆரம்பிச்சீங்க, என்ன ஆதாரம் இருக்கு?" என்பதுதான். பில் புக்கை மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். இதைக் கேட்கத்தானே அந்த ஏஜென்சிக்குப் பணம் கொடுத்தேன்! கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத்தான் போகிறேன், விடப் போவதில்லை.

இவ்வளவு கொதிப்பில் இருக்கும்போது பாட்டில்காரர் வேறு. 63 எம்எம் மூடி சொன்னால் 53 எம்எம் மூடியைப் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். பாட்டிலுக்குள்ளேயே விழுகிறது! எலுமிச்சை ஊறி ரெடியாக இருக்கிறது, நாளைக்கு அடைத்தாக வேண்டும், அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். அளவைத் தெளிவாக எழுதித்தானே அனுப்பினேன், அதையாவது படிக்கக் கூடாதா ஐயா?