விளையாட்டுக் காசில் கணித்தால் சிறையா?

“தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தேர்தல் கணிப்புச் செயலியில் விளையாட்டுக் காசு வைத்தாலும் மூன்று மாதம் உள்ளே” என்று குடும்பக் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. மூன்று மாதம் என்பது மட்டும் கற்பனையல்ல: 2022 தமிழ்நாட்டுச் சட்டப்படி இணையத்தில் சூதாடுபவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சூது என்றால் பணமோ பணத்துக்கு ஈடானதோ பந்தயத்தில் இருக்க வேண்டும். விளையாட்டுக் காசு, அதாவது பதிவு செய்ததும் இலவசமாக விழும் புள்ளிகளை ரூபாயாக மாற்ற வழியே இல்லையென்றால் அது பந்தயமாகாது. ஜெயித்தால் பீற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

‘காயின்’ என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். 99 ரூபாய் கட்டி காயின் வாங்கி, ஜெயித்ததை வங்கிக் கணக்குக்கு மாற்றினால் அது பண விளையாட்டேதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டத்தில் ‘இது அதிர்ஷ்டமல்ல, திறமை’ என்ற வாதமும் எடுபடாது.