டியூரரோட காண்டாமிருகமும் எங்கப்பாவோட பிள்ளையார் பிளாக்கும்

எங்கப்பா 30 வருஷம் டிரெடில் மிஷின் போட்டு பிரஸ் நடத்துனவரு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக்கு, இதான் வேலை. அங்க ஒரு பிள்ளையார் பிளாக் இருந்துச்சு, துத்தநாகத் தகட்டைக் கட்டையில வச்சு அடிச்சது, எத்தனை ஆயிரம் பத்திரிகைக்கு அடிச்சிருப்பாரோ, தும்பிக்கை கிட்ட கோடெல்லாம் தடிச்சுப் போயி கடைசியில அடிக்கட்டையே வெடிச்சிருச்சு. அப்பவும் அவரு தூக்கிப் போடல, ஏன்னா புதுசா வாங்கிக் காட்டுனா "வேணாண்ணே, அந்தப் பழைய பிள்ளையாரே போடுங்க"ன்னுதான் கேப்பாங்க.

போன வாரம் ராத்திரி, 500 வருஷத்துக்கு முன்ன ஜெர்மனியில இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் மரக்கட்டை அச்சுல பண்ணுன காண்டாமிருகம் படத்தைக் கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாத்துட்டு இருந்தேன். அவரு செத்து ரொம்ப வருஷம் கழிச்சு அடிச்ச பிரதி. காலுங்க வழியா ஒரு வெள்ளைக் கீறல் ஓடுது. மூலக் கட்டை வெடிச்சிருக்கு, வெடிச்ச பிறகும் விடாம அடிச்சிருக்காங்க. அப்பா ஞாபகம் வந்து அப்படியே உக்காந்துட்டேன். அதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மறுமலர்ச்சிக் காலம்னாலே நாம பேசுறது தனி மனுசங்களோட மேதைமையைப் பத்தித்தான். அது பொய்யில்ல, டியூரர் மாதிரி கோடு போட இன்னொருத்தர் பொறந்து வரணும். ஆனா இந்தப் படம் பொறந்ததுக்கு மிளகுக் கப்பலும் அச்சு மிஷினும்தான் பாதிக் காரணம்னு நான் நெனைக்கிறேன், அந்தக் கதையையும் சேத்துச் சொல்லாட்டி படமே புரியாது.

நடந்தது இதான். இந்தியாவுல இருந்த போர்ச்சுகீசிய கவர்னர் அல்புகெர்க்குக்கு டையூவுல ஒரு கோட்டை கட்டணும், அனுமதி கேட்டு குஜராத் சுல்தான் ரெண்டாம் முசாபர் ஷாகிட்ட ஆள் அனுப்புறாரு. சுல்தான் கோட்டைக்கு முடியாதுன்னுட்டாரு, ஆனா வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பாம பரிசெல்லாம் குடுத்தாரு, அதுல ஒண்ணு உயிரோட ஒரு காண்டாமிருகம். அல்புகெர்க் அதைத் தன் ராஜா மானுவேலுக்கு அனுப்பி வைக்கிறாரு. 1515 ஜனவரியில கோவாவுல கப்பல் ஏத்துனாங்க, ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டு மே 20ஆம் தேதி லிஸ்பன்ல இறக்குனாங்க. நாலு மாசம் கடல்லயே, அவ்ளோ பெரிய மிருகத்தை எப்படி நிக்க வச்சிருப்பாங்க, என்ன தீனி போட்டிருப்பாங்க, எனக்கு நெனச்சாலே மனசு கனக்குது. ரோமானியக் காலத்துக்கு அப்புறம் ஐரோப்பாவுல யாரும் கண்ணால பாக்காத மிருகம் அது. போர்ச்சுகீசியர் அதை 'கண்டா'ன்னு கூப்பிட்டிருக்காங்க, படிக்கும்போது நம்ம 'காண்டாமிருகம்'தான் காதுல கேக்குது.

யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் ஜென்மப்பகைன்னு பழைய ரோமானியப் புத்தகத்துல எழுதியிருக்கு, நிஜமான்னு பாக்க ராஜா ரெண்டையும் மோத விட்டாரு, யானை மிரண்டு ஓடிருச்சு. ஊரெல்லாம் இதே பேச்சு. லிஸ்பன்ல அச்சுத்தொழில் பண்ணிட்டு இருந்த வலெந்திம் பெர்னாண்டஸ் இதைப் பத்தி நியூரம்பர்க் வியாபாரிகளுக்குக் கடுதாசி எழுதுறாரு. மிளகு விலை, கப்பல் சேதியெல்லாம் போற அதே வழியிலதான் இந்தச் சேதியும் போச்சு, ஒரு ஓவியமும் கூடப் போயிருக்கு. நியூரம்பர்க்ல இருந்த டியூரர் கைக்கு வந்தது அவ்வளவுதான். அந்த மிருகத்தை அவர் கடைசி வரைக்கும் பாக்கவே இல்ல.

இனி நான் வளந்த தொழிலைப் பத்தி. டியூரர் நெனச்சிருந்தா இதைச் செப்புத் தகட்டுல செதுக்கியிருக்கலாம், அதுலயும் அவருதான் ராஜா. ஆனா செப்புத் தகட்டுல மை பள்ளத்துல நிக்கும், அதுக்கு வேற மிஷின், வேற அழுத்தம். மரக்கட்டையில அப்படியில்ல, கோட்டை விட்டுட்டு சுத்தி இருக்குற மரத்தை வெட்டி எடுத்துடுவாங்க, மேடா நிக்குற கோட்டுலதான் மை ஏறும். ஈய எழுத்தும் இதே மாதிரி மேடுதான். கட்டையையும் எழுத்தையும் ஒரே உயரத்துல ஒரே சட்டத்துல முடுக்கி ஒரே அழுத்துல படமும் சேதியும் சேந்து வாங்கிடலாம், அப்பா பிள்ளையார் பிளாக்கை மேல வச்சு கீழ மணமக்கள் பேரைக் கோத்தாரே, அதே வேலைதான். டியூரர் படத்துல சேதி மேல இருக்கு. ஆமை நிறம், யானை அளவு, யானைக்கு எதிரி, கொம்பைக் கல்லுல தீட்டும், இப்படிப் போகுது. வருஷம் 1513ன்னு தப்பா இருக்கு, அதுவும் ஊரெல்லாம் பரவுச்சு. தாள் நீளம் ஒரு அடிகூட வராது, விலையும் கம்மி, அவரு உயிரோட இருக்கும்போதே நாலஞ்சாயிரம் பிரதி வித்திருக்கும்னு ஆய்வாளருங்க கணக்கு சொல்றாங்க. கட்டையை வெட்டுன கைவினைஞர் பேரு அதுல எங்கயும் இல்ல, இருக்குறதெல்லாம் டியூரரோட முத்திரை எழுத்துதான். எனக்கு அது இன்னிக்கும் உறுத்துது.

படத்துல தப்பு நெறைய. தோள்மேல கூடுதலா ஒரு குட்டிக் கொம்பு. உடம்பு பூரா இரும்புத் தகடு அடிச்சு ஆணி முடுக்குன மாதிரி கவசம், காலெல்லாம் செதில். நியூரம்பர்க் போர்க்கவசம் செய்றதுக்குப் பேர்போன ஊரு, டியூரரே கவசத்துக்கு டிசைன் வரைஞ்சு குடுத்தவரு, அந்தக் கை இதுலயும் ஓடியிருக்குன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா என்னா உயிர்ப்பு! அந்தக் கண்ணு கிட்ட சுருக்கத்தைப் பாத்தா மூச்சு விடுற சத்தம் கேக்கும். 1551ல வந்த கெஸ்னரோட விலங்கியல் புத்தகத்துல இதையே காப்பி பண்ணிப் போட்டாங்க, அப்புறம் 1741ல கிளாரான்னு ஒரு நிஜக் காண்டாமிருகம் ராட்டர்டாம் வந்து ஊர் ஊராச் சுத்துற வரைக்கும், 200 வருஷத்துக்கு மேல, ஐரோப்பாவுக்கு காண்டாமிருகம்னா இதான்.

அதே 1515ல ஆக்ஸ்பர்க்ல ஹான்ஸ் புர்க்மயர்னு இன்னொரு ஓவியரும் இதே மிருகத்தை மரக்கட்டையில பண்ணாரு. அதுல தோள்ல கொம்பும் கிடையாது, இரும்புச் சட்டையும் கிடையாது, நிஜத்துக்கு எவ்வளவோ பக்கத்துல இருக்கு. முக்கியமா முன்னங்காலைக் கட்டிப் போட்டிருக்கறதையும் வரைஞ்சிருக்காரு. அந்தப் படத்துல இன்னிக்கு உலகத்துல மிஞ்சியிருக்கறது ஒரே ஒரு பிரதி, வியன்னாவுல ஆல்பர்டினா மியூசியத்துல.

அச்சு வந்ததால அறிவு பரவுச்சுன்னு நாம சுலபமாச் சொல்லிடறோம். பரவுச்சு, சரி. ஆனா எது பரவுச்சு? கட்டுண்டு நின்ன மிருகம் ஒரு தாளோட நின்னுருச்சு, கவசம் போட்ட வீரன்தான் வீடு வீடாப் போனான். கடல் வணிகத்தையே ஐரோப்பா இப்படித்தான் நெனச்சுப் பாக்க விரும்புச்சுன்னு நான் சொல்லுவேன், பலமும் அதிசயமும் தெரியணும், கட்டுன கயிறு தெரியக் கூடாது.

டியூரரைக் கெட்டவரா ஆக்க நான் இதை எழுதல. 1520ல ஆன்ட்வெர்ப் பக்கம் போனவரு செலவு டைரி எழுதி வச்சிருக்காரு, போர்ச்சுகீசிய வியாபாரிங்க அவருக்குத் தேங்காய் குடுத்தது, கிளி குடுத்தது, கள்ளிக்கோட்டைத் துணி குடுத்தது எல்லாம் அதுல இருக்கு, பதிலுக்கு இவரு தன்னோட அச்சுப்படங்களைக் குடுக்கறாரு. பிரஸ்ஸெல்ஸ்ல மெக்சிகோவுல இருந்து வந்த பொன் வேலைப்பாடுங்களைப் பாத்துட்டு, வாழ்நாள்ல இதைப் போல மனசு குளுந்ததே இல்லன்னு எழுதறாரு, அந்தத் தூரதேசத்து ஆளுங்களோட கைவேலை நுட்பத்தைக் கண்டு மலைச்சுப் போறாரு. பாத்ததை மனசாரப் பாராட்டத் தெரிஞ்ச மனுசன். காண்டாமிருகத்தை மட்டும் அவருக்குப் பாக்கக் கிடைக்கல.

அதுக்குள்ள அது செத்தே போச்சு. மானுவேல் அதைப் போப்பாண்டவர் பத்தாம் லியோவுக்குப் பரிசா அனுப்புனாரு, கழுத்துல பச்சை வெல்வெட் பட்டை கட்டி. 1516 ஆரம்பத்துல இத்தாலிக் கரையோரம் புயல்ல கப்பல் கவுந்துச்சு. காண்டாமிருகம் நல்லா நீந்தும். இதைச் சங்கிலியில கட்டியிருந்ததால கப்பலோட முங்கிப் போச்சு.

ரெண்டு படத்தையும் கீழ சேத்துப் போட்டிருக்கேன். கொம்பை அப்புறம் பாக்கலாம், முதல்ல காலைப் பாருங்க.