செஸ் மூளை மட்டும் போதாது, மக்கா

நாகர்கோவிலில் செஸ் கப் வாங்கினவன் போக்கர் சீட்டாட்டத்தில் தோற்கவே மாட்டான் என்று மார்த்தாண்டம் தம்பி எழுதியிருப்பது தப்பு. செஸ்ஸில் எல்லாக் காயும் கண் முன்னால் நிற்கும், போக்கரில் எதிராளியின் சீட்டே தெரியாது, அதனால் சரியாக ஆடியும் தோற்கலாம். ஏஸ் ஜோடிகூட ராஜா ஜோடியிடம் நூற்றுக்குப் பதினெட்டு தடவை போல அடி வாங்கும். செஸ்ஸிலிருந்து கைகொடுப்பது பொறுமையும் கணக்கும்தான். நடுவில் பந்தயப் பணம் 200 கிடக்கிறது, எதிராளி தன் கடைசி 100ஐயும் வைக்கிறான், உங்களுக்கு ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைவு, இன்னும் ஒரு சீட்டுதான் வரணும் என்றால் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டில் 9தான் உதவும், 20 சதவீதம்கூட இல்லை. 100 போட்டு 300 பிடிக்க 25 சதவீதம் வேண்டும், பேசாமல் சீட்டை மடக்கி விலகுங்க. டான் ஹாரிங்டன் செஸ் மாஸ்டர், 1995இல் போக்கர் உலகத் தொடரும் வென்றார், சரி. அவர் ஒருத்தரை வைத்து எல்லாருக்கும் சொல்லலாமா?