காற்று எந்தப் பக்கம் என்று அம்புக்குறி சரியாகச் சொல்ல வேண்டும்

மீனவர்களுக்காகக் காற்று, அலை விவரம் போடும் வலைப்பக்கங்களில் அம்புக்குறியைப் படமாக வெட்டி ஒட்டாதீர்கள். அதற்கென்று இருக்கும் யூனிகோட் எண்ணைப் போடுங்கள் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் உலகப் பொதுவாக ஒரு எண் கொடுக்கும் முறைதான் யூனிகோட்). பக்கத்திலேயே காற்றின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். இந்த மூன்றையும் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் திசை சின்ன விஷயம் இல்லை. பாம்பனில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தென்கடலான மன்னார் வளைகுடா, மறுபக்கம் வடகடலான பாக் விரிகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடக்கிலிருந்து வரும் வாடை பிடித்துவிட்டால் அப்படியே தலைகீழ். அதனால் தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ ஒரு நாட்டுப்படகுக்காரர் செல்போனில் முதலில் தேடுவது காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். வேகம் எத்தனை என்பது அடுத்த கேள்வி.

எங்கள் பக்கத்து ஆட்கள் பார்க்கும் ஒரு தகவல் பக்கத்தில் வேகம் இருக்கிறது, அலை உயரம் இருக்கிறது. திசை இருக்க வேண்டிய இடத்தில் பல போன்களில் வெறும் கட்டம்தான் தெரிகிறது. இன்னொரு பக்கத்தில் அம்புக்குப் பதிலாக அர்த்தமே இல்லாத மூன்று எழுத்துகள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

கட்டம் வருவது, போனில் இருக்கும் எழுத்துருவில் அந்தக் குறி இல்லாததால். அலங்காரமான புது அம்புகளைத் தேடிப் பிடித்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். 129024இல் தொடங்கும் அம்புகள் 2014இல்தான் யூனிகோடில் சேர்ந்தன, பழைய போன்களுக்கு அவை தெரியாது. 8592இல் தொடங்கி 8703 வரை இருக்கும் 112 குறிகள்தான் அம்புகளுக்கான அடிப்படைத் தொகுதி. அதில் முதல் பத்து எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட நிச்சயமாகத் தெரியும், நமக்கு அதுவே போதும். இடம் ← 8592, மேல் ↑ 8593, வலம் → 8594, கீழ் ↓ 8595. மூலைத் திசைகள் நான்கும் 8598 (↖) முதல் 8601 (↙) வரை.

மூன்று எழுத்துக் குப்பை வருவது வேறு காரணத்தால். யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு அம்பு மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. "இந்தப் பக்கம் யூடிஎஃப்-8" என்று உலாவிக்குச் சொல்லாமல் விட்டால், உலாவி அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்துவிடும். எண்ணாக எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. அண்ட் குறி (&), ஹேஷ் (#), 8594, கடைசியில் அரைப்புள்ளி (;). அவ்வளவுதான். எல்லாம் சாதாரண விசைப்பலகை எழுத்துகள் என்பதால் எந்த வழியாகப் போனாலும் கெடாது. (முகநூலில் இப்படி எழுதினால் அம்பாக மாறாது, எச்டிஎம்எல் மொழியில் எழுதிய வலைப்பக்கத்தில்தான் மாறும்.)

பழைய தமிழ் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பாமினியில் அடித்த கோப்பு வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் கூளமாகத் திறக்கும். வேர்டில் கோடு கோடு பெரியது-குறி (-->) அடித்தால் தானாக வரும் அம்பும் அதே ரகம்தான். அது விங்டிங்ஸ் எழுத்துருவின் வேஷம். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ' ஒன்று நிற்கும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. தமிழுக்கு அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டு அம்புக்கு மட்டும் ஏன் விட்டு வைக்க வேண்டும்?

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் யாரும் கவனிப்பதில்லை. நேர்த் திசை அம்புகள் நான்கும் வெறும் எழுத்துகள். மூலைத் திசை அம்புகள் நான்குக்கும் இமோஜி வடிவமும் உண்டு. அதனால் சில போன்களில் வாடைக்கான ↓ மெல்லிய கறுப்புக் கோடாகவும், கச்சானுக்கான மூலை அம்பு நீலப் பெட்டிக்குள் பெரிதாகவும் வரும். பார்க்கிறவர் நீலத்தை ஏதோ எச்சரிக்கை என்றுதானே நினைப்பார்? மூலை அம்பின் எண்ணுக்குப் பின்னாலேயே 65038 என்ற எண்ணையும் அதே முறையில் சேருங்கள். எழுத்து வடிவத்தையே காட்டு என்பதற்கான குறி அது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இன்னொரு பழக்கம். ஒரே ஒரு ↑ குறியை வைத்துக்கொண்டு, காற்றுக்குத் தக்கபடி அதைப் பாகைக் கணக்கில் திருப்பிக் காட்டுகிறார்கள். திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஆட்கள் பக்கத்தைத் திறந்து படிப்பதோடு நிற்பதில்லை, நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அங்கே திருப்பம் எல்லாம் உதிர்ந்துபோய், எல்லா வரியிலும் மேல்நோக்கிய அம்பு மட்டும் நிற்கும். தவறான திசை, அதுவும் நம்பிக்கையான முகத்தோடு! படமாகப் போட்டால் நகலில் அம்பே இருக்காது. சிக்னல் மெலிந்த இடத்தில் படம் இறங்கவும் செய்யாது.

அம்பு ஒழுங்காக வந்துவிட்டாலும் ஒரு சிக்கல் பாக்கி. காற்றை அது வரும் திசையால் சொல்கிறோம். நீரோட்டத்தைப் போகும் திசையால் சொல்வது கடலியல் வழக்கம். சில பக்கங்களில் அம்பு காற்று போகும் பக்கம் பார்க்கும், சிலவற்றில் வரும் பக்கம். தென்மேற்குக் காற்று என்றால் ↗ போடுவதா, ↙ போடுவதா? எதைப் போட்டாலும் பாதிப் பேர் மாற்றிப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் "கச்சான், தென்மேற்கிலிருந்து" என்று எழுத்தில் வேண்டும் என்கிறேன். கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும்போதும் அந்தச் சொற்கள்தான் உதவும்.

இதற்குப் பணம் செலவில்லை, புது மென்பொருள் வேண்டாம். எட்டு எண்களும் எட்டுத் திசைப் பெயர்களும் ஒரு பட்டியலில் இருந்தால் அரை நாள் வேலை. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் இப்படி ஒரு பக்கம் நடத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் உள்பெட்டியில் சொல்லுங்கள், கூட உட்கார்ந்து மாற்றித் தருகிறேன். மாற்றியதும் முதலில் கரையில் இருக்கும் மிகப் பழைய போனில் திறந்து பாருங்கள், அப்புறம் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள்.